கிழக்கே யாரு வூடு?

வா நைனா, இப்படித் திண்ணையில உட்காரு. அந்தப் போனை மட்டும் ரவ கீழ வை. வந்ததுலேருந்து அதைத் தேய்ச்சிக்கினே இருக்கிறே. ஆகாசத்துலேருந்து பாக்கிற படமாம். இன்னா தெரியுது அதுல? மொட்டை மாடி தெரியும். கறுப்புத் தண்ணித் தொட்டி தெரியும். எவன் வூட்டு லுங்கியோ காயறது தெரியும். உங்க தாத்தா பொறந்த வூடு தெரியுதா? எப்படித் தெரியும்? அந்தப் படம் புடிக்கிற பொட்டி ஆகாசத்துக்குப் போறதுக்கு முன்னாடியே வூடு மண்ணாப் போச்சு.

இப்ப இது ஒரு ஜுரமா வந்துட்டுது. டிசம்பர் மாசம் லீவு வுட்டாப் போதும், சீமையிலேருந்து வந்து இறங்கறாங்க. மலையேறிப் பெருமாளைப் பார்த்த கையோட, வாடகைக் காரை எடுத்துக்கினு பூர்வீகம் தேடக் கிளம்பிடறாங்க. கையில ஒரு ஃபைலு. ஃபைலுக்குள்ள ஒரு மரம். கிளைக்குக் கிளை பேரு. மேல போகப் போக பேரு பெருசாகும், ஆதாரம் சிறுசாகும். ஒருத்தன் எச்சிலைத் துப்பி டப்பாவுல அடைச்சு அமெரிக்காவுக்கு அனுப்பினானாம். இத்தனை பங்கு இந்தத் தேசம், இத்தனை பங்கு அந்தத் தேசம்னு பதில் வந்துச்சாம். தேசம் சொல்லுது, சரி. தெருவைச் சொல்லுதா? நதிமூலம் ரிஷிமூலம் பாக்காதேன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? ஆனா வந்தது வந்துட்டே. வந்தவனை வெறுங்கையா அனுப்பறது நம்ம ஊரு வழக்கம் இல்லை. கேளு.

மொதல்ல அந்த அரமனையை மறந்துடு. 'எங்க தாத்தாவுக்கு அரமனை மாதிரி வூடு இருந்துச்சாம்'னு ஆரம்பிக்காதவன் ஒருத்தனை நான் இன்னும் பாக்கலை. ஏன் நைனா, எல்லாரும் அரமனையில இருந்தா, அரமனைக்குத் தண்ணி இறைச்சது யாரு? இந்தச் சீமையில ஜமீன்னா கார்வேட்டிநகரம், புங்கனூரு, காளாஸ்திரின்னு விரலு விட்டு எண்ணிடலாம். 1948ல ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தப்ப அவங்க கணக்கு வழக்கை எல்லாம் சர்க்காரு எழுதி வாங்கிக்கிச்சு. அரமனைக்காரன் பேரனா இருந்தா நீ என்னைத் தேடி வந்திருக்க மாட்டே. கோர்ட்டுக்குப் போயிருப்பே.

உங்க தாத்தா இருந்தது மண்ணுச் சுவரு வச்ச ரெண்டு அங்கணம் வூடு. தூலத்துக்குத் தூலம் ஒரு அங்கணம். இன்னிக்கும் திருப்பதியில மனை விக்கிறவன் அங்கணக் கணக்குலதான் பேசறான், அங்கணத்துக்கு 36 சதுர அடின்னு. ரெண்டு அங்கணத்துல ஒரு கிழவி, ஒரு புருஷன் பொண்டாட்டி, ஆறு பிள்ளைங்க, ஒரு கன்னுக்குட்டி. கூரை பிரிஞ்சா மண்சுவரு எத்தினி ஐப்பசி தாங்கும்? ரெண்டு. மூணாவது மழைக்கு அது மேடு. அப்பால பக்கத்து வூட்டுக்காரன் அந்த மேட்டுல எருமை கட்டுவான். அப்பால எருமைக்குக் கொட்டாய் போடுவான். அப்பால எருமையை வித்துட்டு, கொட்டாயை வூடாக்கி வாடகைக்கு வுடுவான். அந்தப் பக்கத்து வூட்டுக்காரனை ஞாபகம் வச்சுக்க. அவன்கிட்டத் திரும்பி வருவோம்.

சரி, எந்த ஊருன்னா சித்தூரு ஜில்லாங்கிறே. எந்த வருஷத்துச் சித்தூரு ஜில்லா? இங்க வூடு நின்ன எடத்துலயே நின்னுச்சு, ஜில்லாதான் ஓடிக்கினே இருந்துச்சு. 1911 ஏப்ரல் 1க்கு முன்னாடி சித்தூரு ஜில்லான்னே ஒண்ணு கிடையாது. இந்தப் பக்கமெல்லாம் வட ஆற்காடு. கலெக்டரு கச்சேரி மட்டும் சித்தூர்ல. அப்பால வட ஆற்காட்டுக் கச்சேரியை வேலூருக்குத் தூக்கிக்கினு போயி, இங்க புது ஜில்லா பண்ணாங்க. மதனப்பள்ளி, வாயல்பாடு ஆளுங்களோ அது வரைக்கும் கடப்பா ஜில்லாக்காரங்க. 1953ல ஆந்திரா தனியாப் போச்சு. வடக்கெல்லை வேணும்னு ம.பொ.சி. சண்டை போட்டாரு. திருப்பதியையும் சித்தூரையும் கேட்டாரு. கடைசியில பட்டாஸ்கர் மத்தியஸ்தம் பண்ணி, 1960 ஏப்ரல் 1ல திருத்தணி அந்தாண்ட போச்சு, சத்தியவேடு இந்தாண்ட வந்துச்சு. 2022 ஏப்ரல்ல திருப்பதியே தனி ஜில்லாவா பிரிஞ்சு போச்சு, மதனப்பள்ளி அன்னமய்யா ஜில்லாவுக்குப் போச்சு.

ராதாகிருஷ்ணன் ஜனாதிபதியா இருந்தாரே, அவரையே எடுத்துக்க. 1888ல திருத்தணியில பொறந்தாரு. பொறந்தப்ப அந்த ஊரு வட ஆற்காடு. அவரு காலேஜு வாத்தியாரா இருந்தப்ப சித்தூரு ஜில்லா ஆச்சு. துணை ஜனாதிபதியா இருந்தப்ப ஆந்திராவுக்குப் போயி, அதே பதவியில இருக்கச்சயே செங்கல்பட்டு ஜில்லாவா மெட்ராஸு ராஜ்ஜியத்துக்குத் திரும்பி வந்துச்சு. அவரு போனப்புறம் 1997லேருந்து திருவள்ளூரு. மனுஷன் டெல்லியில சோக்கா உட்காந்துக்கினு இருந்தாரு, அவரு பொறந்த ஊரு அலைஞ்சுது. இத்தினியும் தெரியாம நீ நேரா இப்ப இருக்கிற கலெக்டரு ஆபீசுல போயி 1890 காகிதம் கேட்டா, குமாஸ்தா சிரிக்க மாட்டானா? அந்தக் காலத்து ஜில்லாக் காகிதம் வேணும்னா எழும்பூரு ஆவணக் காப்பகத்துக்கு ரயிலேறு. 1909ல கட்டுன செவப்புக் கட்டடம். சித்தூருக்காரன் தாத்தாவைத் தேடி மெட்ராஸுக்குப் போகணும். அதான் ராஜ்ஜியம் பிரிச்ச லட்சணம்.

அங்க போயி இன்னா கேக்கணும்னு தெரியுமா? சர்வே படம்னு சொல்லுவே. சர்வே ஆபீசரு சங்கிலி புடிச்சு அளந்ததெல்லாம் இன்னாத்துக்கு? வரிக்கு. எந்தக் கழனியில நெல்லு, எந்த மேட்டுல கேவுரு, எவன் எத்தினி கிஸ்து கட்டணும். அதுக்குத்தான் புலப்படம். உங்க தாத்தா கழனி வச்சிருந்தாரு, பட்டா இருந்துச்சுன்னா, அரை சென்ட்டு கோணலைக்கூட எழுதி வச்சிருப்பான். வூட்டுக்கு? ஊரு இருக்கிற எடம் பூரா நத்தம்னு ஒரே நம்பரு போட்டு வுட்டான். தெலுங்குக்காரங்க கிராமகண்டம்னு சொல்றது அதைத்தான். அதுக்குள்ள நூறு வூடு இருந்தாலும் சரி, நாலு தெரு இருந்தாலும் சரி, படத்துல அது ஒரு வெத்து வட்டம். வரி இல்லாத எடத்தை எவன் அளப்பான்? நிலம் வச்சிருந்தவன் கழனி எங்கன்னு நூறு வருஷம் கழிச்சும் சொல்லலாம். அந்தக் கழனியில நாத்து நட்டவ எங்கத் தூங்கினான்னு படம் சொல்லாது. நீ அரமனைன்னு பீத்திக்கிறதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தம் இருக்குது, யோசிச்சுப் பாரு.

இப்ப 2020லேருந்து நத்தத்துக்கும் டிரோனு வுட்டு அளக்கறாங்க. நல்லதுதான். ஆனா டிரோனு இருக்கிற வூட்டைத்தானே அளக்கும்? இல்லாத வூட்டை அளக்குற டிரோனு வந்தா எனக்கும் ஒரு கடுதாசி போடு.

பத்திரம் இருக்குமேன்னு கேப்பே. இருக்கலாம். இல்லாமலும் போகலாம். 1882ல ஒரு சொத்து மாத்துச் சட்டம் போட்டான் வெள்ளைக்காரன். நூறு ரூபாய்க்குக் கீழ இருக்கிற மனை வூட்டை விக்கணும்னா ரிஜிஸ்டரு பத்திரமே வேணாம், சொத்தை வாங்கினவன் கையில ஒப்படைச்சாலே போதும்னு அதுல சொல்லியிருக்குது. நூறு ரூபாய்ன்னா அன்னிக்கு எவ்ளோ பெரிய காசு! ரெண்டு அங்கணம் மண்ணு வூடு நாப்பது அம்பதுக்குக் கைமாறும். வெத்தலைப் பாக்கு மேல பணத்தை வச்சுக் குடுத்தான், வாங்கினான், ஊரு பார்த்துச்சு, முடிஞ்சுது. ஊருதான் பத்திரம். அந்தப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டவன் எல்லாம் போயி சேர்ந்துட்டான். நீ இப்ப வந்து நகலு கேக்கிறே.

அதுக்குத்தான் சொல்றேன். உங்க தாத்தாவைத் தேடாதே நைனா. அவரு பக்கத்து வூட்டுக்காரனைத் தேடு.

முழிக்காதே. எந்தப் பழைய கிரயப் பத்திரத்தையாவது பிரிச்சுப் பாத்திருக்கிறியா? மொதல் பக்கம் பூரா எழுதிக் கொடுத்தவன் பேரு, வாங்கினவன் பேரு, அவன் அப்பன் பேரு, ஜாதி, ஜீவனம். அதையெல்லாம் எல்லாரும் படிப்பாங்க. சரக்கு கடைசியில இருக்குது. சொத்து விவரம்னு நாலு வரி. செக்குபந்தின்னு இங்க சொல்லுவோம், நீங்க நாலெல்லைன்னு சொல்லுவீங்க. கிழக்கே இன்னாரு வூடு, மேற்கே சேந்து கிணறு, வடக்கே வண்டிப் பாட்டை, தெக்கே இன்னாரு எருமைக் கொட்டாய். வூடு எங்க இருக்குதுன்னு அந்த வூட்டுக்காரன் சொல்லவே முடியாது, பாரு. சுத்தி இருக்கிற நாலு பேரு சொன்னாத்தான் அது ஒரு எடம். உங்க தாத்தா நூறு ரூபாய்க்குக் கீழ வாங்கி, பத்திரமே எழுதலைன்னு வச்சுக்க. அவருக்குக் கிழக்கே இருந்த செட்டியாரு நூத்தம்பது ரூபாய்க்கு வித்திருப்பாரு. அவரு பத்திரத்துல மேற்கெல்லைன்னு உங்க தாத்தா பேரு இருக்கும். சொந்தக் காகிதத்துல இல்லாத மனுஷன் அடுத்தவன் காகிதத்துல சுவரா நிப்பாரு.

சப் ரிஜிஸ்டரு ஆபீசுல ரெண்டு விதமா அட்டவணை வச்சிருப்பாங்க. 1908 ரிஜிஸ்டரு சட்டத்துல இருக்கிற ஏற்பாடுதான். ஒண்ணாம் நம்பரு ஆளு பேரு வழியாத் தேட, ரெண்டாம் நம்பரு சொத்து வழியாத் தேட. உன்னை மாதிரி வர்றவன் எல்லாம் ஒண்ணாம் நம்பரை எடுத்து வச்சுக்கினு தாத்தா பேரைத் துழாவறான். இல்லைன்னதும் மூஞ்சைத் தொங்கப் போட்டுக்கினு காளாஸ்திரிக்கு ராகு கேது பூஜைக்குப் போயிடறான். ரெண்டாம் நம்பரைப் போடச் சொல்லு. அந்த ஊரு, அந்தத் தெரு, அந்த வருஷத்துக்கு முன்னாடி பின்னாடி இருபது வருஷத்துக்கு வில்லங்கம் போடு. கம்ப்யூட்டர்ல ஏத்தாத காலத்துக்குக் கையாலத்தான் தேடணும், காசு ஆகும், ஆபீசுப் பையன் முணுமுணுப்பான். ஒரு டீ வாங்கிக் கொடு. வந்த பத்திரம் ஒவ்வொண்ணுக்கும் நாலெல்லையை எழுதிக்க. இவன் கிழக்கெல்லை அவன் மேற்கெல்லை. பூக்காரி நாரைப் புடிச்சு ஒண்ணோட ஒண்ணு முடியற மாதிரி முடிஞ்சிக்கினே போ. எது வரைக்கும்? நகராத ஒண்ணு வர்ற வரைக்கும். கோயில் மதிலு வரும். ஏரிக்கரை வரும். பெரிய கிணறு வரும். அது இன்னிக்கும் இருக்கும். அங்கேருந்து திரும்பி வூடு வூடா எண்ணிக்கினு வந்தா, உங்க தாத்தா மேடு வந்துடும். இதுக்கு சாட்டிலைட்டு வேணாம். பென்சிலும் பொறுமையும் போதும். ரெண்டாவது சரக்குதான் உங்க ஊர்ல கிடைக்கிறதில்லை.

பழைய வோட்டரு லிஸ்டு கிடைச்சா அதையும் வுடாதே. அது அ, ஆ வரிசையில இருக்காது. எழுதறவன் தெரு முனையில ஆரம்பிச்சு வூடு வூடா நடந்து எழுதியிருப்பான். அதனால லிஸ்டைப் படிச்சாலே தெருவுல நடந்த மாதிரிதான். புருஷன் பேரு, அப்பன் பேரு எல்லாம் பக்கத்துலயே இருக்கும். அதுலயும் உங்க தாத்தாவுக்கு மேல யாரு, கீழ யாருன்னுதான் பாக்கணும்.

இதையெல்லாம் ஒரே மனுஷன் மண்டையில வச்சிருந்தான் ஒரு காலத்துல. கர்ணம், ஊருக் கணக்குப்பிள்ளை. எந்தப் பாட்டன் எந்த வரப்பை எத்தினி முழம் தள்ளிப் போட்டான்னு அவனுக்குத் தெரியும், சில சமயம் தள்ளிப் போட்டவனே அவன்தான். தமிழ்நாட்டுல எம்.ஜி.ஆரு 1980ல அந்தப் பரம்பரை வேலையை எடுத்தாரு. இங்க என்.டி.ஆரு 1984ல எடுத்தாரு. ரெண்டு பேரும் சினிமாக்காரங்க, ரெண்டு பேரும் வில்லனை மொத ரீல்லயே தீர்த்துட்டாங்க. எடுத்தது சரியா தப்பான்னு நான் சொல்ல வரலை, கர்ணங்க பண்ண அட்டூழியமும் கொஞ்ச நஞ்சமில்லை. ஆனா கணக்கோட கதையும் போயிடுச்சு. கர்ணம் வூட்டுப் பரண்ல ஏதாவது கிடக்கும்னு நீ நினைச்சா, கரையான் உனக்கு முன்னாடியே படிச்சு முடிச்சிருக்கும். சர்க்காரு ஆபீசுல பத்திரமா இருக்கும்னு நினைக்கிறியா? 2024 ஜூலை மாசம் ஒரு ராத்திரி மதனப்பள்ளி சப் கலெக்டரு ஆபீசுல நெருப்புப் புடிச்சு நிலத்து ஃபைலு எரிஞ்சு போச்சே, பேப்பர்ல பாக்கலையா?

திருப்பதிக்கு வா. உன் ஃபைல்ல 'திருப்பதி'ன்னு மட்டும் எழுதியிருக்குது. மேல் திருப்பதியா, கீழ் திருப்பதியா? அது கூடத் தெரியாம மரம் வரைஞ்சிருக்கிறே. கீழன்னா உனக்கு அதிர்ஷ்டம். ராமானுஜரு காலத்துல கோவிந்தராஜப் பெருமாளைப் பிரதிஷ்டை பண்ணி, கோயிலைச் சுத்தி ஊரு வச்சாங்க. தேரு ஓடற வீதியை எவன் மூடுவான்? நாலு மாட வீதியும் அதே எடத்துல கிடக்குது. சுத்திப் பாரு: வண்டிக்காரங்க இருந்த பண்ட்ல வீதி, கர்ணங்க இருந்த கர்ணால வீதி, பேரி வீதி, தீர்த்தக்கட்டை வீதி. தெருவுக்குப் பேரு வைக்க அன்னிக்குக் கமிட்டி போடலை. அங்க இருந்தவன் இன்னா பண்ணானோ அதான் பேரு. இப்ப பாரு, சினிமாக் கொட்டாய் பேர்ல லீலா மஹால் சர்க்கிளு. தலைவருங்க பேர்ல ரோடு. எந்த ஊருக்குப் போனாலும் ஒரு காந்தி ரோடு, காந்தி எந்த ஊர்லதான் குடியிருந்தாரு? முனிசிபாலிட்டி 1886லேருந்து இருக்குது, 2007ல கார்ப்பரேஷன் ஆச்சு. வார்டு மாறினப்பல்லாம் கதவு நம்பரு மாறும். அதனால தாத்தா கடுதாசியில இருக்கிற நம்பரை வச்சுக்கினு இன்னிக்கு அதே நம்பரு வூட்டுக் கதவைத் தட்டாதே. அங்க ஒரு மொபைலு கடைக்காரன் இருப்பான், உனக்கு ஒரு கவரு வித்துடுவான்.

மேல் திருப்பதின்னா கஷ்டந்தான். மலை மேல ஒரு முழு ஊரு இருந்துச்சு, இப்ப சொன்னா நம்ப மாட்டாங்க. 1944ல மலைப்பாதை போடற வரைக்கும் நடந்தோ டோலியிலயோதான் போகணும், ஆனா ஊரு இருந்துச்சு. சன்னிதி வீதியில வூடு, மாட வீதியில வூடு, மடம், கடை, திண்ணை, திண்ணையில சீட்டாட்டம் எல்லாம் இருந்துச்சு. ஜனம் பெருகப் பெருக வீதியை அகலப்படுத்தணும்னு மாஸ்டரு பிளானு போட்டு ஒவ்வொண்ணா எடுத்தாங்க. குடியிருந்தவங்களுக்குத் தள்ளி பாலாஜி நகர்னு ஒரு எடம். கொஞ்சம் பேரு கீழ இறங்கிட்டாங்க. கோயிலுக்கு எதிர்ல இருந்த ஆயிரங்கால் மண்டபத்தையே 2003ல எடுத்துட்டாங்க, உங்க தாத்தா வூட்டுத் தூணு ரெண்டு எம்மாத்திரம்? இன்னிக்கு பிரம்மோற்சவத்துல கருட சேவை பாக்க ஜனம் உட்காருது பாரு, மாட வீதி ஓரத்துல படிப்படியா. அந்தப் படிக்கு அடியில எவன் வூட்டு சமையக்கட்டோ இருக்குது. உங்க கொள்ளுப்பாட்டி புளி கரைச்ச எடத்துல எவனோ ராஜமுந்திரிக்காரன் கோவிந்தா போட்டுக்கினு இருப்பான். இதுக்குப் போயி அழறதா? அந்தக் கிழவி இருந்தா, 'நம்ம வூட்டுலேருந்து சோக்காத் தெரியுதா'ன்னு அவனைக் கேட்டிருப்பா.

அங்க தேடணும்னா பாலாஜி நகருக்குப் போ. பழைய சன்னிதி வீதியில பக்கத்துல பக்கத்துல இருந்தவங்க அங்க எங்கெங்கயோ சிதறி இருக்காங்க. ஆனா ஒரு கிழவியைப் புடிச்சு, 'உங்க வூட்டுக்கு அந்தாண்ட யாரு, இந்தாண்ட யாரு'ன்னு கேளு. கண்ணை மூடிக்கினு தெருவையே ஒப்பிப்பா. யாரு வூட்டுத் தண்ணி யாரு வாசல்ல ஓடுச்சு, அதுக்கு யாரு யாரோட பேசலை, எல்லாம் வரும். சண்டை போட்டவங்களுக்குத்தான் எல்லை நல்லா ஞாபகம் இருக்கும் நைனா.

கல்வெட்டுல எங்க வம்சம் இருக்குதுன்னு ஒருத்தன் கிளம்பினான். இருக்கலாம்ப்பா, யாரு வேணாம்னா? திருமலைக் கல்வெட்டு பெரும்பாலும் தமிழ்லதான் இருக்குது. சாது சுப்பிரமணிய சாஸ்திரின்னு ஒரு பெரியவரு உட்காந்து படிச்சு, தேவஸ்தானம் 1931லேருந்து புஸ்தகமாப் போட்டுச்சு. போயி எடுத்துப் பாரு. யாரு பேரு இருக்கும்? தானம் கொடுத்தவன் பேரு. அவன் கொடுத்த பணத்துல எந்த நாளைக்கு எத்தினி படி அரிசி, எத்தினி அப்பம், பிரசாதத்துல யாருக்கு எவ்ளோ பங்குன்னு கணக்கு. அந்த அப்பத்தைச் சுட்டவன் பேரு? அவன்தான் உங்க ஆளா இருக்கும். ஆனா ஒண்ணு கவனிச்சியா? பழைய சாசனத்துல ராஜாவே ஒரு ஊரையோ தோட்டத்தையோ தானம் பண்ணாலும், எல்லை இதுக்குக் கிழக்கு, அதுக்கு மேற்குன்னுதான் வெட்டி வைப்பாங்க. ராஜாவுக்கே பக்கத்து நிலத்துக்காரன் தயவு வேணும். உனக்கு வேணாமா?

காகிதம் சரிப்படலைன்னா மே மாசம் வா. அப்ப திருப்பதியில தாத்தய்யகுண்ட கங்கம்மா ஜாத்திரை. சாட்டிம்புன்னு தப்பட்டை அடிச்சுக்கினு ஊரு எல்லையைச் சுத்தி வருவாங்க. ஜாத்திரை முடியிற வரைக்கும் ஊரை வுட்டு வெளியில தங்கக் கூடாது. அவிலாலவிலேருந்து மஞ்ச குங்குமம் வரும். இன்னிக்கு திருப்பதி வளந்து அவிலாலவை முழுங்கிடுச்சு, ஆனா அம்மனுக்கு அது இன்னும் பொறந்த வூடுதான், தனி ஊருதான். பைராகி வேஷம், பண்ட வேஷம், தோட்டி வேஷம், தொர வேஷம், மாதங்கி வேஷம்னு தினம் ஒண்ணு போட்டுக்கினு தெருத்தெருவாப் போவாங்க. அந்த வேஷம் 'கைகால'ங்கிற வம்சத்து வூட்டுக்காரங்களுக்குன்னு பாத்தியதை. அவங்க பின்னாடி நடந்து பாரு. நேராப் போற வழி இருக்கச்ச ஏன் இந்தச் சந்துல திரும்பறாங்க? மேம்பாலத்துக்கு அடியில எதுவுமே இல்லாத எடத்துல ஏன் நிக்கிறாங்க? கேளு. 'மாமூலு'ன்னு ஒரே வார்த்தையில பதில் வரும். அந்த மாமூலுக்கு அடியில ஒரு வூடோ ஒரு தெருவோ புதைஞ்சிருக்கும். முனிசிபாலிட்டி படத்துலேருந்து தெருவை அழிச்சுடலாம், அம்மன் காலுலேருந்து எப்படி அழிக்கிறது?

கிராமத்துல போயி விசாரிக்கிறதுக்கு மட்டும் ஒரு முறை இருக்குது. நீங்க இறங்கறீங்க பாரு, வெள்ளைக் காரு, கறுப்புக் கண்ணாடி, கையில பழைய காகிதம், கூட ஒருத்தன் வீடியோ. இறங்கினதும், 'எங்க தாத்தா வூடு எங்க இருந்துச்சு, எல்லை எது வரைக்கும்'னு கேக்கறே. கேட்ட மாத்திரத்துல ஊரு பூரா வயித்துல புளியைக் கரைக்கும். வாரிசு வந்துட்டான்டோய்! அவ்ளோதான். நேத்து வரைக்கும் உங்க தாத்தாவைப் பத்திக் கதை சொன்ன கிழவனுக்குத் திடீர்னு காது கேக்காது. சட்டப்படி பன்னெண்டு வருஷத்துக்கு மேல எதிர் அனுபவத்துல இருந்தா பயப்பட ஒண்ணுமில்லைன்னு வக்கீலு சொல்லுவான். பயம் வக்கீலு சொல்லியா போகும்? மூணு தலைமுறையா எருமை கட்டுன எடம், நைனா.

அதனால மொத நாளு எதுவும் கேக்காதே. காரைத் தோப்பாண்ட நிறுத்திட்டு நடந்து போ. டீக்கடையில உட்காரு. பஞ்சாயத்து பிரசிடெண்டைத் தேடிப் போகாதே, அவன் உனக்கு மாலை போட்டுப் படம் புடிச்சு, ஸ்கூலுக்கு கேட்டு வேணும்னு கேப்பான். சலவைக்காரரு வூட்டுப் பெரியவரு யாரு, பிரசவம் பாத்த கிழவி யாரு, பழைய தபால்காரரு யாருன்னு விசாரி. வூடு வூடா நுழைஞ்சவங்க அவங்கதான். அவங்களுக்குச் சொத்தும் இல்லை, அதனால பயமும் இல்லை. மொத வார்த்தையா, 'எனக்கு ஒரு பிடி மண்ணும் வேணாம், பார்த்துட்டுப் போகத்தான் வந்தேன்'னு சொல்லிடு. சொல்லிட்டு ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து ஒரு பிடி மண்ணை அள்ளாதே! போன வருஷம் ஒருத்தன் அதையும் பண்ணான். அவன் அள்ளினது முந்தா நாளு ரோடு போட லாரியில வந்து கொட்டின கிராவலு. இப்ப அது சீமையில ஒரு வூட்டு சாமி ரூம்புல இருக்குதாம்.

எடம் தெரிஞ்சப்புறம் இன்னா பண்ணப் போறே? பலகை வைக்கணும்னு நினைக்கிறியா? 'இவ்விடத்தில் இன்னார் வாழ்ந்தார்'னு கல்லு நடணும்னு ஆசையா? அங்க இப்ப குடியிருக்கிறவன் ஒத்துக்குவானா? நாளைக்கு உன் அபார்ட்மெண்டு வாசல்ல எவனோ வந்து அவன் பாட்டன் பேர்ல கல்லு நட்டா சும்மா இருப்பியா? ஆமா, கேக்க மறந்துட்டேன். நீ இருக்கிற ஃபிளாட்டுக்குக் கிழக்கே யாரு? எதிர்க் கதவுல யாரு? பேரு தெரியுமா? நம்பருதான் தெரியுமா? சரி வுடு, உன் பேரன் உன்னைத் தேடறப்ப பட்டுக்கட்டும்.

இந்தா, அந்தத் துண்டுக் காகிதத்தை இப்படிக் கொடு. உங்க பாட்டி சொன்னான்னு ஒரு பேரு எழுதியிருக்கிறே பாரு, 'பக்கத்து வூட்டு ரங்கம்மா, மோரு கொடுத்து அனுப்புவா'ன்னு. மரத்துல இதைப் போடாம ஓரத்துல கிறுக்கி வச்சிருக்கிறே. மரத்தை மடிச்சு வச்சுட்டு ரங்கம்மாவோட ஆரம்பி. அவ புருஷன் பேரைக் கண்டுபுடி, அவன் எப்ப வித்தான், யாருக்கு வித்தான்னு ரெண்டாம் நம்பர்ல போடச் சொல்லு. எழுந்திரு, வெயில் ஏறுது. சாப்பாட்டு வேளை ஆச்சுன்னா ரிஜிஸ்டரு ஆபீசுல ஆளு எழுந்து போயிடும். அந்தாண்ட ஜெராக்ஸு கடையில சில்லறை கிடைக்காது, பத்து ரூபா நோட்டா மாத்தி எடுத்துக்கினு போ.